படுக்கையா, மருந்தா? 1956ஆம் ஆண்டுச் சென்னைக் காசநோய் ஆய்வும் எல்லை மலைகளின் லயங்களும்

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது. அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு அன்று கேரளத்தின் பகுதியாயிற்று. தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம் தன் இலக்கை எட்டவில்லை. அவ்விரு வட்டங்களும் கேரளத்திலேயே நின்று, 1972இல் உருவாக்கப்பட்ட இடுக்கி மாவட்டத்துக்குள் சேர்ந்தன. எல்லைக்கோடு பற்றிய இவ்வரலாறு பலரும் அறிந்தது. அதே 1956இல், சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய வேறொரு முயற்சி அந்த அளவுக்கு நினைவுகூரப்படுவதில்லை. காசநோயாளியை மருத்துவமனைப் படுக்கையில் வைத்துத்தான் குணப்படுத்த முடியுமா, அவருடைய வீட்டிலேயே குணப்படுத்த முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடிய ஆய்வு அது. அவ்வாய்வு மலைத்தோட்டங்களில் நடந்ததன்று. சென்னை நகரத்து ஏழைகளிடையே நடந்தது. ஆயினும் அதன் கேள்வி, பாலக்காட்டு நெல்லியாம்பதியிலும் இடுக்கியின் மூணாற்றிலும் லயங்களில் வாழ்ந்த குடும்பங்களின் கேள்வியாகவும் இருந்தது.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு 1877இல், பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளை உரிமையாகப் பெற்றதிலிருந்து தொடங்குகிறது. அதன் பின்னர் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியாகத் தமிழ்த் தொழிலாளர் மலையேறினர். அவர்கள் குடியமர்த்தப்பட்ட லயம் என்பது ஒரே கூரையின் கீழ், சுவரோடு சுவர் ஒட்டி, வரிசையாக அமைந்த சிறு குடியிருப்புகளின் தொகுதி. ஓர் அறையும் ஒட்டிய அடுக்களையும் கொண்ட இடத்தில் பெற்றோர், பிள்ளைகள், முதியோர் அனைவரும் உறங்கினர். மலைக்குளிரிலும் மழையிலும் கதவும் சன்னலும் மூடியே இருக்கும். விறகடுப்பின் புகை உள்ளேயே சுழலும். மூச்சுவழிப் பரவும் எந்த நோய்க்கும் இதைவிட வாய்ப்பான சூழல் அமைவது அரிது. அத்தகைய அறையில் ஒருவர் மாதக்கணக்கில் இருமினால், அவர் மூச்சில் வெளிப்படும் நுண்துளிகளை அங்குள்ள அனைவரும் பகிர்ந்தே வாழ வேண்டும்.

அதே அறையில் மற்றொரு கணக்கும் இருந்தது. தோட்டத்தில் குடியிருக்கும் உரிமை வேலையோடு பிணைந்தது. வேலைக்குச் செல்லாத நாளுக்குக் கூலியில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவ வசதி, நோய்க்கால உதவி ஆகியவற்றை நிருவாகங்களின் கடமையாக்கியது. ஆனால் காசநோய் சில நாள் படுத்தெழும் காய்ச்சலன்று. அக்கால மருத்துவம் கோரியது மாதக்கணக்கான, சில வேளைகளில் ஆண்டுக்கணக்கான, படுக்கை ஓய்வு. குடும்பத்தில் கூலி பெறும் கைகளில் ஒன்று அத்தனை காலம் தொலைவிலுள்ள சானடோரியத்துக்குச் சென்றுவிட்டால், மலையில் எஞ்சியவர்கள் எப்படிப் பிழைப்பர் என்பதற்கு மருத்துவ நூல்களில் விடையில்லை.

காசநோயைத் தமிழர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். சயரோகம், எலும்புருக்கி என்னும் பெயர்கள் அந்நோய் உடலைக் கரைக்கும் விதத்தைச் சொல்கின்றன. நோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிரி என்பதை இராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். நுரையீரலைத் தாக்கும் பாக்டீரியாக்கள் பல உண்டு. நிமோகாக்கஸ், ஹீமோபிலஸ், கிளெப்சியெல்லா போன்றவை சில நாள்களுக்குள் கடுங்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்குகின்றன. அவை இரட்டிக்க ஏறத்தாழ அரைமணி நேரம் போதும். ஆய்வகத்தில் வளர்த்தால் ஓரிரு நாளில் கண்ணுக்குத் தெரியும் கூட்டமாகின்றன. தகுந்த நுண்ணுயிர்க்கொல்லியைச் சில நாள் கொடுத்தால் அடங்குகின்றன. காசநோய்க் கிருமியின் இயல்பு வேறு. அது ஒருமுறை இரட்டிக்க 15 முதல் 20 மணி நேரம் ஆகிறது. அதன் உறை மெழுகுத்தன்மை உடையது. ஆய்வகத்தில் வளர்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உடலுக்குள் ஒரு பகுதி கிருமிகள் செயலற்ற நிலையில் உறைந்து கிடக்கும். பெருகும் கிருமிகளைக் கொல்லும் மருந்து உறங்கும் கிருமிகளை எளிதில் தொடுவதில்லை. நிமோனியாவுக்கு நாள்கணக்கில் போதுமான மருத்துவம் காசநோய்க்கு மாதக்கணக்கில் தேவைப்படுவதன் காரணம் இதுதான். நோயாளி நலமடைந்ததாக உணர்வதற்கும் உண்மையில் நோய் நீங்குவதற்கும் இடையே பல மாத இடைவெளி உண்டு. காசநோய் மருத்துவத்தின் சிக்கல்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

நோயறிதலும் எளிதாக இருந்ததில்லை. கணித மேதை இராமானுஜன் 1917இல் இங்கிலாந்தில் நோயுற்றபோது காசநோயாளியாகக் கருதப்பட்டு, மெண்டிப் மலைச் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார். அதை நடத்தியவர் டேவிட் ஜேக்கப் ஆரன் சௌரிமுத்து என்னும் இந்திய மருத்துவர். தாயகம் திரும்பிய இராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். அவருக்கு இருந்தது காசநோய்தானா என்ற ஐயம் பின்னர் எழுந்தது. 1994இல் வெளியான ஓர் ஆய்வில் டி. ஏ. பி. யங், அறிகுறிகளை மீள ஆராய்ந்து, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாகவே அது இருந்திருக்கக்கூடும் என்று வாதிட்டார். உலகின் மிகச் சிறந்த பல்கலைக்கழகங்களுள் ஒன்றில் பணியாற்றியவருக்கே நோயறிதல் இத்துணை ஐயத்துக்கு இடமளித்தது. எளிய மக்களின் நிலையை இதிலிருந்து உய்த்துணரலாம்.

சௌரிமுத்து 1928இல் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் ஒரு சானடோரியம் நிறுவினார். 1937இல் சென்னை அரசு அதை ஏற்றது. இன்றும் அங்குள்ள தொடர்வண்டி நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம் என்பதே. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஆரோக்கியவரத்திலும் ஈரோட்டை அடுத்த பெருந்துறையிலும் இத்தகைய நிறுவனங்கள் அமைந்தன. தூய காற்று, ஓய்வு, சத்துணவு, ஊரிலிருந்து விலகல் என்னும் நான்கு தூண்களின்மேல் சானடோரிய மருத்துவம் நின்றது. அதன் நோக்கத்தில் குறையில்லை, எண்ணிக்கையில்தான் குறை. 1946இல் வெளியான போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் தீவிரக் காசநோயுடன் இருப்பதாகவும், ஆண்டுக்கு 5 இலட்சம் பேர் இறப்பதாகவும், படுக்கைகளோ சுமார் 6,000 மட்டுமே என்றும் மதிப்பிட்டது. நானூறு நோயாளிக்கு ஒரு படுக்கை. ஒரு நோயாளி ஓராண்டு படுக்கையில் இருந்தால் மற்ற அனைவரும் வெளியில்தான் இருந்தாக வேண்டும்.

இந்நிலையில்தான் மருந்துகள் வந்தன. அமெரிக்காவின் இரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ், செல்மன் வாக்ஸ்மன் ஆகியோர் 1943இல் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டறிந்தனர். பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 107 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கி அதைச் சோதித்து, 1948இல் முடிவை வெளியிட்டது. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். ஆனால் அவ்வெற்றிக்குள்ளேயே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. மருந்து பெற்றோர் பலரின் கிருமிகள் சில மாதங்களுக்குள் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காதவை ஆயின. கோடிக்கணக்கான கிருமிகளுள் சில இயல்பாகவே ஒரு மருந்தைத் தாங்க வல்லவை. தனி மருந்து மற்றவற்றைக் கொன்று, அச்சிலவற்றுக்கு இடம் ஏற்படுத்திக் கொடுக்கிறது. இரு மருந்துகளை ஒருங்கே கொடுத்தால், இரண்டையும் தாங்கும் கிருமி இருப்பதற்கான வாய்ப்பு மிகவும் அருகிவிடும். ஸ்வீடனில் யோர்கன் லேமன் உருவாக்கிய பாஸ் என்னும் மருந்து ஸ்ட்ரெப்டோமைசினுக்குத் துணையானது. 1952இல் ஐசோனியாசிட் நடைமுறைக்கு வந்தது. வேதியியலர் அதை 1912லேயே பிராக் நகரில் தயாரித்திருந்தனர். அதன் காசநோய் ஆற்றல் நாற்பது ஆண்டுகள் அறியப்படாமல் கிடந்தது. விலை மலிவானதும் வாய்வழி உட்கொள்ளத்தக்கதும் ஆற்றல் மிக்கதுமான மருந்து அது. ஊசி இன்றி, மாத்திரையாலேயே காசநோயைக் குணப்படுத்தலாம் என்ற நிலை முதன்முறையாக உருவாயிற்று.

மாத்திரையை வீட்டிலிருந்தே விழுங்கலாம் என்றால், படுக்கை எதற்கு? இக்கேள்வியை ஆராய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையத்தை நிறுவின. அதன் தலைமையை வாலஸ் ஃபாக்ஸ் ஏற்றார். நுண்ணுயிரியலில் பி. ஆர். ஜே. கங்காதரம், புள்ளியியலில் எஸ். இராதாகிருஷ்ணா போன்ற இந்திய அறிஞர் அங்குப் பணியாற்றினர். இலண்டனிலிருந்து டெனிஸ் மிச்சிசன் நுண்ணுயிரியல் துணை நல்கினார்.

நகரின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். யார் வீட்டில் மருத்துவம் பெறுவார், யார் தாம்பரம் சானடோரியத்துக்குச் செல்வார் என்பதை மருத்துவரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை, சமவாய்ப்பு முறையே தீர்மானித்தது. இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்னும் அதே இரு மருந்துகள், ஓராண்டுக்கு. வேறுபாடு சூழலில் மட்டுமே. சானடோரியத்தில் ஓய்வும் செழுமையான உணவும் காற்றோட்டமும் செவிலியர் கவனிப்பும் இருந்தன. வீட்டில் இருந்தவரோ நெருக்கடியான குடியிருப்பில், குறைந்த உணவோடு, பலர் வேலைக்கும் சென்றுகொண்டு மருந்து உண்டனர். பாஸ் எளிய மருந்தன்று. பெரிய அளவில் உட்கொள்ள வேண்டியது. குமட்டலும் வயிற்றுக் கோளாறும் தரக்கூடியது. எனவே வீட்டில் இருப்பவர் மருந்தை உண்மையில் உண்கிறாரா என்பதை அறிய, முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர்.

இவ்வாய்வில் அறிவியல் ஆவலுக்கு மேலானதோர் அறச்சிக்கல் இருந்தது. வீட்டு மருத்துவம் தோற்றுப்போனால் அதன் விலையை நோயாளி மட்டும் கொடுக்கமாட்டார். அதே அறையில் உறங்கும் குழந்தைகளும் கொடுப்பர். அன்றைய மருத்துவ உலகில் பலருக்கு, தொற்றுநோயாளியைக் குடும்பத்தோடு விட்டுவைப்பது பொறுப்பற்ற செயலாகவே தோன்றியது. மறுபுறம், நானூறு பேருக்கு ஒரு படுக்கை என்ற நாட்டில் படுக்கையையே மருத்துவத்தின் நிபந்தனையாக வைப்பது, மற்ற 399 பேரை மருந்தின்றி அதே அறையில் குழந்தைகளோடு விட்டுவைப்பதற்கு ஒப்பானது. எது பாதுகாப்பு என்பதை நம்பிக்கையால் தீர்க்க முடியாது. எண்ணிப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

1959இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியாயிற்று. ஓராண்டின் இறுதியில், வீட்டு மருத்துவம் பெற்றவருள் 86 விழுக்காட்டினரிடமும் சானடோரியத்தில் இருந்தவருள் 92 விழுக்காட்டினரிடமும் கோழையில் கிருமி அடங்கியிருந்தது. சானடோரியத்தில் இருந்தோரின் உடல் எடை கூடுதலாக உயர்ந்திருந்தது. ஆனால் நோய் நீங்குவதில் அந்த உயர்வு பெரிய மாற்றத்தை உண்டாக்கவில்லை. குணப்படுத்தியது கட்டிலோ காற்றோ அன்று, மருந்து.

குழந்தைகள் பற்றிய கேள்விக்கு விடை காண நீண்டகாலக் கண்காணிப்பு தேவைப்பட்டது. இரு பிரிவு நோயாளிகளின் குடும்பத்தாரும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து சோதிக்கப்பட்டனர். அம்முடிவு 1966இல் வெளிவந்தது. நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில், நோயாளியை ஓராண்டு பிரித்துவைத்த குடும்பங்களைவிடக் காசநோய் மிகுதியாகத் தோன்றவில்லை. இதற்குரிய விளக்கம் எளியது. குடும்பத்தாருக்குத் தொற்று ஏற்படுவது பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே, நோயாளி பெயர் தெரியாத இருமலோடு மாதக்கணக்கில் வாழும் காலத்தில். தக்க மருந்து தொடங்கியபின் அவர் வெளிவிடும் கிருமிகளின் எண்ணிக்கை விரைந்து குறைகிறது. ஆகவே தொற்றைத் தடுப்பது நோயாளியை விலக்குவதன்று; விரைந்து கண்டறிவதும் விரைந்து மருந்து தொடங்குவதும்தான். லயத்து அறையைப் பற்றி முன்னர்க் கூறியதை இங்கு மீண்டும் எண்ணிப்பார்க்கலாம். அவ்வறையில் ஆபத்தானவர் மருந்துண்ணும் நோயாளி அல்லர். இன்னும் நோயாளி என்று அறியப்படாதவரே.

அறியப்படாதவர் ஏன் அறியப்படாமல் இருந்தார்? 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நாடளாவிய மாதிரிக் கணக்கெடுப்பு, காசநோய் ஊர்ப்புறங்களிலும் நகரங்களைப் போலவே பரவியிருப்பதைக் காட்டியது. நகரத்து நெரிசலின் நோய் என்ற கருத்து அதனால் தகர்ந்தது. 1959இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டி. பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் ஆகியோர் தும்கூர் மாவட்டத்து ஊர்களில் செய்த ஆய்வு 1963இல் வெளிவந்தது. அறியாமையால் மக்கள் மருத்துவரை நாடுவதில்லை என்ற பொதுக்கருத்தை அது மறுத்தது. கோழையில் கிருமியுடன் இருந்தவருள் பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் இருமலுக்காக ஏற்கெனவே ஏதேனும் ஒரு மருத்துவ நிலையத்துக்குச் சென்றிருந்தனர். அங்கு அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் இருமல் மருந்துப் புட்டி. நோயாளி வந்தார், நிலையம்தான் அவரைக் காணவில்லை.

இக்கண்டறிவிலிருந்து, 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டத்துக்கு ஓர் எளிய விதி கிடைத்தது. நீடித்த இருமலுடன் வரும் எவருடைய கோழையையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடித் தகடு, ஸீல்–நீல்சன் சாயம், ஒரு நுண்ணோக்கி, பயிற்சி பெற்ற ஒருவர். இவை ஒரு தோட்ட மருத்துவமனையிலும் அமைக்கத்தக்கவை. எக்ஸ்ரே நிழலைக் காட்டும். அந்நிழல் பழைய தழும்பாகவோ வேறு பாக்டீரியாவின் நிமோனியாவாகவோ இருக்கலாம். நுண்ணோக்கியில் காணும் சிவந்த கோல்கள் பிறருக்குத் தொற்றைப் பரப்பக்கூடிய நோயாளி யார் என்பதைச் சொல்லும். அம்முறைக்கும் எல்லை உண்டு. ஒரு மில்லிலிட்டர் கோழையில் 5,000 முதல் 10,000 கிருமிகளேனும் இருந்தால்தான் கண்ணுக்குப் புலப்படும். குழந்தைகளின் நோயும் நுரையீரலுக்கு வெளியிலான நோயும் அதற்குத் தப்பிவிடும். 2010இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த ஜீன் எக்ஸ்பெர்ட் என்னும் மரபணுச் சோதனை, இரண்டு மணி நேரத்துக்குள் கிருமியையும் ரிஃபாம்பிசினுக்கான எதிர்ப்பாற்றலையும் சேர்த்தே காட்டி, அவ்வெல்லையைப் பெரிதும் விரித்தது.

சென்னை மையம் எதிர்கொண்ட அடுத்த சிக்கல், நலமடைந்ததாக உணர்ந்த நோயாளி மருந்தை நிறுத்திவிடுவது. இரு மாதத்தில் இருமல் தணிகிறது, பசி திரும்புகிறது, வேலைக்குச் செல்ல முடிகிறது. எஞ்சிய பத்து மாதம் குமட்டும் மருந்தை ஏன் விழுங்க வேண்டும்? 1960களின் முற்பகுதியில் மையம் ஒரு மாற்றுவழியைச் சோதித்தது. நோயாளி வாரம் இருமுறை மையத்துக்கு வருவார். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் மிகுந்த அளவு ஐசோனியாசிடும் பணியாளர் முன்னிலையில் பெறுவார். நாள்தோறும் வீட்டில் உண்ணும் முறைக்கு இது குறைந்ததன்று என்பது 1964இல் வெளியான அறிக்கையால் நிறுவப்பட்டது. மருந்தைப் பிறர் முன்னிலையில் விழுங்கச் செய்யும் இம்முறை 1990களில் டாட்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1993இல் முன்னோடி முயற்சியாகவும், 1997 முதல் திருத்திய தேசியத் திட்டமாகவும் அது நடைமுறைக்கு வந்தது. சேத்துப்பட்டின் கண்டுபிடிப்பு உலகைச் சுற்றி வந்து மீண்டும் இந்தியாவில் நுழைந்தது என்று சொல்வது மிகையன்று.

இவ்விடத்தில் ஒரு முரணைக் கவனிக்காமல் கடக்க முடியாது. முதல் ஆய்வு நோயாளியைக் கட்டிலிலிருந்து விடுவித்தது. இரண்டாவது ஆய்வு அவரைப் பார்வைக்குள் கொண்டுவந்தது. வாரம் இருமுறை மையத்துக்கு வருவது சென்னை நகரவாசிக்கு ஒரு பேருந்துப் பயணம். மலைத்தோட்டத் தொழிலாளிக்கு அது வாரத்தில் இருநாள் கூலி இழப்பாகவும் ஆகலாம். வேலையும் குடும்பமும் குலையாமல் மருத்துவம் பெறுவதே வீட்டு மருத்துவத்தின் பயன். கண்காணிப்பு அவ்விரண்டையும் குலைத்தால் நோக்கமே பின்வாங்குகிறது. மருந்து கொடுப்பவர் லயத்துக்கு அருகிலேயே இருந்தால், அவர் நோயாளியின் நம்பிக்கைக்கு உரியவராக இருந்தால், அதே முறை துணையாக மாறுகிறது. ஆகவே வேறுபாடு முறையில் மட்டும் இல்லை. தொலைவை யார் கடக்க வேண்டும் என்பதிலும் இருக்கிறது. 1960களில் கண்டறியப்பட்டு 1970களில் பரவிய ரிஃபாம்பிசின் மருத்துவக் காலத்தை ஆறு மாதமாகச் சுருக்கியது. அச்சிக்கலைச் சிறிதாக்கியதே அன்றி அம்மருந்தும் முற்றாகத் தீர்க்கவில்லை. இடையில் நிறுத்தப்படும் மருத்துவமும் தவறாகத் தரப்படும் மருத்துவமும் ஐசோனியாசிடுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் அடங்காத கிருமிகளை வளர்க்கின்றன. 1948இல் காணப்பட்ட எச்சரிக்கை இன்றும் அப்படியே நிற்கிறது.

உணவைப் பற்றிய முடிவு பலமுறை தவறாகப் படிக்கப்பட்டது. நோய் நீங்குவதில் உணவு பெரிய பங்கு வகிக்கவில்லை என்று சென்னை மையத்தின் 1961ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. தக்க மருந்துகளை ஓராண்டு ஒழுங்காக உண்ணும் நோயாளிக்கு, எளிய வீட்டுணவு குணமடைவதற்குத் தடையாக இராது என்பதே அதன் பொருள். சத்துணவு வாங்க இயலாத ஏழைக்கு மருந்து கொடுப்பது வீண் என்ற வாதத்தை அது முறியடித்தது. அதிலிருந்து, பசிக்கும் காசநோய்க்கும் தொடர்பில்லை என்ற முடிவுக்கு வருவது பிழை. நோயுற்றவர் குணமாவது ஒரு கேள்வி. நலமானவர் நோயுறாமல் இருப்பது மற்றொரு கேள்வி. முதற்கேள்வியின் விடை, கேட்கப்படாத இரண்டாம் கேள்விக்கும் விடையாக நெடுங்காலம் எடுத்துக்கொள்ளப்பட்டது. சார்க்கண்டில் நடைபெற்று 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வு இரண்டாம் கேள்வியை நேரடியாகக் கேட்டது. நோயாளியின் குடும்பத்தார்க்கு மாதந்தோறும் உணவுப்பொருள் வழங்கியபோது அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது; தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் மட்டும் 48 விழுக்காடு குறைந்தது. நோயாளியை மருந்து குணப்படுத்துகிறது. அவர் குழந்தைகளைக் காப்பதில் அரிசியும் பருப்பும் பங்கு கொள்கின்றன. சானடோரியத்தின் நான்கு தூண்களுள் உணவு, கட்டிலோடு சேர்த்துத் தள்ளப்பட்டு, அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் வேறு வாயில் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

சென்னை மையம் பின்னர்க் காசநோய் ஆராய்ச்சி மையம் எனவும், 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனவும் பெயர் பெற்றது. அதன் முதல் ஆய்வின் பின்னர் உலகின் பல நாடுகளில் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டன அல்லது பொது மருத்துவமனைகளாக மாறின. செல்வ நாடுகள் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்வதற்குச் சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் எண்ணப்பட்ட எண்கள் காரணமாயின. வறிய நாட்டுக்கு இரண்டாந்தர மருத்துவம் போதும் என்று அவ்வாய்வு கூறவில்லை. வறியவரின் வீட்டிலும் முதல்தர மருத்துவம் இயலும் என்று நிறுவி, அதற்குத் தேவையானவற்றையும் வரிசைப்படுத்தியது: தடையின்றிக் கிடைக்கும் மருந்து, இலவச வழங்கல், வீடு தேடி வரும் பணியாளர், வராத நோயாளியைத் தேடிச் செல்லும் பொறுப்பு. முடிவின் முற்பாதியை, அதாவது படுக்கை வேண்டா என்பதை, அரசுகள் விரைந்து ஏற்றன. அதில் செலவு குறைந்தது. பிற்பாதிக்குச் செலவு மிகுதி. அது எங்கும் ஒரே அளவில் நிறைவேறவில்லை.

எல்லை மலைகளில் அந்தப் பிற்பாதிக்குக் கூடுதலான ஒரு சுமை உண்டு. மூணாற்றில் வேலை செய்பவரின் உறவும் ஊரும் தேனியிலோ தென்காசியிலோ இருக்கும். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் சாவுக்கும் அவர் மலையிறங்குவார். வாளையாற்றுக் கணவாய் வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் குடும்பங்கள் இரு திசையிலும் நகர்கின்றன. ஆறு மாத மருத்துவத்தின் இடையில் எல்லையைக் கடப்பவரின் மருத்துவப் பதிவு ஒரு மாநிலத்தில் நின்றுவிட, மருந்து தேவைப்படும் உடல் மற்றொரு மாநிலத்தில் இருக்கும். 2012இல் காசநோயைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோயாக்கியதும் நிக்ஷய் என்னும் நாடளாவிய மின்பதிவும் இவ்விடைவெளியை அடைப்பதற்கான கருவிகள். நோயாளியின் மொழியில் அவரிடம் பேசி, அவர் எங்கே சென்றார் என்று கேட்டறியும் பணியாளர் இருக்கும் இடத்தில்தான் அக்கருவிக்கு உயிர் வருகிறது.

1956ஆம் ஆண்டு இரண்டு கோடுகள் வரையப்பட்டன. ஒன்று மாநிலங்களுக்கு இடையே. மற்றொன்று சமவாய்ப்பு முறையில், கட்டிலுக்கும் வீட்டுக்கும் இடையே. முதல் கோடு நிலைத்தது. இரண்டாவது கோட்டை ஆய்வே அழித்துவிட்டது. வீட்டில் இருந்தவரும் கட்டிலில் இருந்தவரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். லயத்து ஒற்றை அறையில் இருமும் ஒருவருக்கு அந்த முடிவு இன்றும் செல்லுபடியாகும். அவர் கோழையை ஒருவர் பார்க்க வேண்டும். மருந்து அவர் வாசலுக்கு வர வேண்டும். அவர் மலையிறங்கினால் அது அவரோடு இறங்க வேண்டும். இவை நிறைவேறும் அறை, 1959ஆம் ஆண்டு அறிக்கை காட்டியதுபோல, சானடோரியத்துக்குக் குறைந்ததன்று.